தரையிறங்கும் முன்: ரமணாசிரமப் பகுதியில் கடை, விடுதி, மனை வாங்குவோருக்குப் பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள் தரும் பாடம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று கைமாறக் காத்திருக்கிறது. செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை, ரமண நகரில் மாடியோடு சில அறைகள் கொண்ட விடுதி, பெரும்பாக்கம் சாலைப் பக்கம் மலை தெரியும் மனை, ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் தொழில். ஆசிரமத்துக்குள் தங்க இடம் கிடைத்தாலும் சில நாட்களுக்குத்தான். அதற்கு மேல் இருக்க விரும்புகிறவர்கள் வெளியே அறை தேடுகிறார்கள். அந்தத் தேவைதான் இந்த வட்டாரத்தின் வியாபாரத்தை வளர்த்தது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர் கிரிவலம் முடித்து மனம் நிறைந்திருக்கும் நேரத்தில், இங்கேயே சின்னதாக ஒரு தொழில் வைத்துக்கொண்டு தங்கிவிடலாமே என்று நினைக்கிறார். அடுத்த நாளே புரோக்கர் ஒருவரின் எண் கைக்கு வந்துவிடுகிறது.

இங்கே முன்விசாரணைக்குப் பெரிய தடை கூச்சம். நெற்றி நிறைய விபூதியோடு இருக்கும் பெரியவரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வராது. "மலையைப் பார்த்துச் சொல்றேன் சார், ஒரு வில்லங்கமும் இல்ல" என்று அவர் சொன்ன பிறகு மேலே கேட்டால் அவமதிப்பு ஆகிவிடுமோ என்று தயங்குவோம். இந்தத் தயக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஆசிரமத்தின் வரலாறே அதற்குத் துணை நிற்கிறது. 1930களில், முன்பு ஆசிரமப் பொறுப்பில் இருந்த ஒருவர் உரிமை கோரி வழக்குத் தொடுத்தார். கோவணத்தையும் கைத்தடியையும் கமண்டலத்தையும் தவிர எதையும் தமதென்று வைத்துக்கொள்ளாத ரமண மகரிஷி, 1938இல் உயில் எழுதி, ஆசிரம நிர்வாகம் தம் தம்பி நிரஞ்சனானந்த சுவாமியிடமும் அவர் வழியினரிடமும் இருக்கும்படி ஏற்பாடு செய்தார். 1950இல் மகரிஷி மறைந்த பின்னும் ஆசிரமம் அந்த ஏற்பாட்டின்படி நிலைத்து நிற்பதற்கு அந்தக் காகிதம் ஒரு காரணம். துறவியின் இடத்துக்கே பத்திரம் வேண்டியிருந்தது என்றால், நீங்கள் வாழ்நாள் சேமிப்பைப் போடும் காபிக் கடைக்கும் வேண்டும்.

சரி, இதில் அறிவியல் புனைவுத் தொடர்கள் எங்கே வந்தன? சரிபார்க்க வேண்டிய ஆவணங்களின் பட்டியலை எந்த வழக்கறிஞரும் கொடுப்பார். வாங்கும் ஆசை தலைக்கேறியதும் அந்தப் பட்டியல் மறந்துபோகும். கதை மறக்காது. 1980களில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதைகளின் அமைப்பு நினைவிருக்கும். தெரியாத கிரகம் ஒன்று. அங்கே இறங்க வேண்டும். இறங்கும் முன் காற்று எப்படி, யார் இருக்கிறார்கள், கண்ணில் தெரிவது மெய்யா என்று கேட்க வேண்டும். கேட்காமல் இறங்கியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து இங்கே தொழில் வாங்குகிறவரின் நிலையும் இதுவே.

அட்டையை மட்டும் படித்தவர்கள்

அமெரிக்கத் தொடரான தி ட்வைலைட் ஸோனில் 1962 மார்ச் 2 அன்று ஒளிபரப்பான பகுதி 'டு சர்வ் மேன்'. டேமன் நைட் 1950இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது. கனமிட்டுகள் என்ற வேற்றுலகத்தார் பூமிக்கு வருகிறார்கள். பஞ்சத்தைத் தீர்க்கிறார்கள், போரை நிறுத்துகிறார்கள். ஐ.நா. சபையில் அவர்களின் பிரதிநிதியைப் பொய் அறியும் கருவியில் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். கருவி உண்மை என்கிறது. அவர் விட்டுச்சென்ற புத்தகத்தின் தலைப்பை மொழி வல்லுநர்கள் படித்துவிடுகிறார்கள். மனிதருக்குச் சேவை செய்வது பற்றிய நூல் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. கனமிட்டுகளின் கிரகத்துக்குச் சுற்றுலா போக வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு பெண் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் படித்து முடித்து விமானதளத்துக்கு ஓடி வரும்போது நாயகன் கப்பலின் படியில் கால் வைத்துவிட்டான். அது சமையல் புத்தகம்.

பொய் அறியும் கருவிதான் இந்தக் கதையில் நமக்கு முக்கியம். கனமிட்டு பொய் சொல்லவே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். கேட்காததைச் சொல்லவில்லை. நிலம் விற்கிறவர்களில் அப்பட்டமாகப் பொய் சொல்கிறவர்கள் குறைவு. "பட்டா இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இருக்குதுங்க" என்பார்கள், இருக்கவும் செய்யும். பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணும் நீங்கள் காலால் மிதித்துப் பார்த்த இடமும் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே உள்ளே படியுங்கள். கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் பெயரும் தொகையும் இருக்கும். வழக்கைக் கொண்டுவரும் விஷயங்கள் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில், நான்கெல்லை வரிகளில், பாதை உரிமை பற்றிய ஒரு வாக்கியத்தில் இருக்கும். மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு, எதன் வழியாக வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கிரயமா, பாகப்பிரிவினையா, தானப் பத்திரமா, உயிலா? இடையில் ஒருவர் இறந்து பிள்ளைகளுக்கு வந்திருந்தால் வாரிசுச் சான்றில் மகள்களின் பெயர் இருக்கிறதா, அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா? கல்யாணமாகி வெளியூர் போன தங்கையின் கையெழுத்து விட்டுப்போன பத்திரங்கள் இந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, எல்லா மாவட்டத்திலும் உண்டு.

வில்லங்கச் சான்றைப் புரோக்கர் கொடுக்கும் நகலில் பார்க்காதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அங்கே கிடைக்கும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். 2009இல் சத்யம் கம்பியூட்டர்ஸ் நிறுவனத்தின் ஊழல் வெளிவந்தபோது, கணக்கில் காட்டிய வங்கிப் பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று தெரிந்தது. போலி வங்கிக் காகிதங்களைத் தணிக்கையாளர்களே நம்பியிருந்தார்கள். ஆவணம் பிறந்த இடத்திலேயே அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் வருவாய்த்துறை இணையதளத்திலிருந்தே எடுக்கலாம். புலப்படத்தை வைத்துக்கொண்டு தலையாரியையோ உரிமம் பெற்ற நில அளவரையோ அழைத்துப் போய்க் கல் இருக்கும் இடங்களைப் பாருங்கள்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கு எதுவும் அதில் ஏறியிருக்காது. மாவட்ட நீதிமன்றங்களின் இணையத் தேடலில் விற்பவரின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அசல் கைவசம் இல்லை என்றால் அது எங்கோ அடமானத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

திருவண்ணாமலையில் இதற்கு மேல் மூன்று கேள்விகள் கட்டாயம்.

ஒன்று, இது கோயில் நிலமா, மடத்து நிலமா? அருணாசலேசுவரர் கோயிலுக்கும் பல மடங்களுக்கும் ஊரைச் சுற்றி நிலம் உண்டு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலும் அடமானம் வைத்தாலும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. பல வீடுகளில் மேல்கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது. விற்பவர் "வீடு என்னுது" என்று சொன்னால் அது உண்மை. அடிமனை யாருடையது என்று நீங்கள் கேட்க வேண்டும்.

இரண்டு, பஞ்சமி நிலமா? ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிரிட்டிஷ் அரசு அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. அதை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. எத்தனை கை மாறியிருந்தாலும், எத்தனை பத்திரம் போட்டிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தோடு கூடவே வருகிறது. பழைய வருவாய்ப் பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த மக்களிடமிருந்து பறிபோனதை விலை கொடுத்து வாங்குவது சட்டத்துக்கும் விரோதம், நியாயத்துக்கும் விரோதம்.

மூன்று, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி உண்டா? 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. வரன்முறைக் கட்டணம் கட்டிய உத்தரவு குறிப்பிட்ட அந்த மனை எண்ணுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மனையின் உத்தரவைக் காட்டி விற்பது நடக்கிறது.

ஜீவா எங்கே?

நம் மொழியிலேயே இதற்கு அருமையான கதை இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடரானது. ஜீனோ என்ற இயந்திர நாயை எல்லோருக்கும் நினைவிருக்கும். நிலா தன் கணவன் சிபியைக் காணாமல் தேடத் தொடங்குவதில் கதை விரிகிறது. நாட்டையே ஆளும் ஜீவாவின் முகம் எங்கும் தெரிகிறது, குரல் எங்கும் கேட்கிறது, அவர் பெயரில் உத்தரவுகள் பறக்கின்றன. கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. ஒளியால் ஆன வெறும் பிம்பம். அவர் பெயரில் வேறு சிலர் நாட்டை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் பல சொத்துகளின் உரிமையாளர் நேரில் இருப்பதில்லை. சிங்கப்பூரில் இருக்கிறார், அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார், வட இந்தியாவில் இருக்கிறார். இங்கே நம்மோடு பேசுபவர் பவர் ஏஜென்ட். பொது அதிகாரப் பத்திரம் கையில் இருக்கும், வாட்ஸப்பில் உரிமையாளரின் குரல் செய்தியும் வரும். அவரை நேரில் பார்த்தவர் யார்?

இந்திய ஒப்பந்தச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால், அந்தச் சொத்தில் ஏஜெண்டுக்கே தனி உரிமை இருக்கும் அரிதான நிலை தவிர, அதிகாரம் அத்தோடு முடிந்தது. வெறும் பவர் பத்திரத்தை வைத்துச் செய்யும் விற்பனை உரிமையைக் கைமாற்றாது என்று 2011இல் சுராஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முறையாகப் பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். எனவே பவர் பதிவாகியிருக்கிறதா, ரத்தாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். அதில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா, பராமரிக்க மட்டுமா என்று வரிவரியாகப் படியுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று அண்மையில் வாங்கியதா என்று பாருங்கள். பிறகு வீடியோ அழைப்பில் உரிமையாளரோடு நீங்களே பேசுங்கள்; ஏஜென்ட் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். விலை எவ்வளவு என்று அவரைச் சொல்லவிடுங்கள். ஏஜென்ட் சொன்ன விலைக்கும் உரிமையாளர் சொல்லும் விலைக்கும் இடையில் இருக்கும் தூரம் பல விஷயங்களைச் சொல்லிவிடும். பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டும் பொறுப்பு உங்களுடையது. உள்நாட்டு விற்பனைக்கு இருக்கும் 50 லட்ச ரூபாய் வரம்பு அங்கே இல்லை. இதைத் தெரியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பின்னால் வரித்துறைக்குத் தன் கைப்பணத்தைக் கட்டும்படி ஆகலாம்.

இதன் மறுபக்கமும் இங்கே உண்டு. வெளிநாட்டு அன்பர் ஒருவர் பணம் போட்டிருப்பார். வீடு உள்ளூர் நண்பர் பெயரில் இருக்கும். சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் இங்கே அசையாச் சொத்து வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் இந்த ஏற்பாடு. 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். பணம் போட்டவர் அது தம்முடையது என்று வழக்குப் போடவும் முடியாது. பத்தாண்டு நட்பு ஒரே இரவில் முறிந்து, வயதான ஒருவர் தான் கட்டிய வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கும் நிலை இதனால் வருகிறது. அந்த வீட்டை நீங்கள் வாங்கினால் அந்தச் சிக்கலும் உங்களோடு வரும். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வீட்டை யார் கட்டினார்கள், கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது யார் என்று தெருவுக்கே தெரிந்திருக்கும்.

மூன்று நாளில் பதினேழு லட்சம்

ஸ்டார் ட்ரெக்கில் 1967 டிசம்பர் 29 அன்று வந்தது 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்'. எழுதியவர் டேவிட் ஜெரால்ட். சைரானோ ஜோன்ஸ் என்ற வியாபாரி ட்ரிபிள் என்ற பஞ்சு போன்ற பிராணியை அன்பளிப்பாகக் கொடுக்கிறான். தடவினால் கொஞ்சும், பார்க்கிறவர் மனம் இளகும். சாப்பிடுவதும் பெருகுவதும் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஒரே ஒரு ட்ரிபிள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துக் குட்டி என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளில் 17,71,561 ஆகும் என்று கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் கணக்கிடுகிறார். தானியக் கிடங்கைத் திறந்தால் தானியத்துக்குப் பதில் ட்ரிபிள்கள் கேப்டன் கிர்க் தலையில் கொட்டுகின்றன.

பெருகும் பிராணியைக் காட்டிப் பணம் வாங்கிய கதை தமிழ்நாட்டில் நிஜமாகவே நடந்தது. பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு ஃபார்ம்ஸ் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஈமுக் குஞ்சுகளும் மாதாமாதம் பணமும் என்று விளம்பரம் செய்தது. 2012இல் எல்லாம் சரிந்தது. பண்ணைகளில் தீனி இல்லாமல் பறவைகள் செத்தன. குஞ்சு எத்தனை பொரிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், ஈமு இறைச்சியை வாங்கிச் சாப்பிடுகிறவர் யார், எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்கவில்லை. அடுத்த பத்தாண்டில் நம் ஊருக்கு அருகிலேயே இன்னொன்று. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்துக்கு ஆரணியிலும் செய்யாற்றிலும் கிளைகள் இருந்தன. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஆள் சேர்ப்பதைத் தவிர வேறு பதில் இல்லாத எந்தத் திட்டத்தையும் தொடாதீர்கள். யோகா மையமோ, இயற்கை விவசாயக் கூட்டுப்பண்ணையோ, 'தியான கிராமம்' என்ற மனைத் திட்டமோ, பெயர் எவ்வளவு புனிதமாக இருந்தாலும் இந்தக் கேள்வி பொதுவானது.

கிடங்கைத் திறந்து பார்க்கும் பாடமும் இதில் இருக்கிறது. கடையை ஸ்டாக்கோடு எடுக்கிறீர்கள் என்றால் பெட்டிகளைப் பிரித்து எண்ணுங்கள். புத்தகக் கடையில் விற்காத பழைய பதிப்பு, துணிக் கடையில் கறைபட்ட பருத்தி, ஊதுவத்திக் கடையில் வாசனை போன சரக்கு, எல்லாமே பில்லில் முழு விலையில் நிற்கும்.

டாலோஸ் கிரகத்தில் பௌர்ணமி

ஸ்டார் ட்ரெக்கில் 1966 நவம்பரில் இரண்டு பகுதிகளாக வந்த 'தி மெனாஜரி' கதையில், நான்காம் டாலோஸ் கிரகத்தார் பார்க்கிறவர் ஆசைப்படுவதையே அவர் கண்முன் தோற்றமாக நிறுத்தும் ஆற்றல் கொண்டவர்கள். கேப்டன் பைக் பார்க்கும் அழகான இளம்பெண் உண்மையில் விபத்தில் உடல் சிதைந்து மூப்படைந்தவள். தோற்றம் கலைந்த பிறகுதான் அது தெரிகிறது.

இங்கேயும் அப்படி ஒரு தோற்றம் உண்டு. கார்த்திகை தீபத்துக்கும் மார்கழிப் புனர்பூசத்தில் வரும் ரமண ஜெயந்திக்கும் இடையில் ஒரு மாலை நேரம் செங்கம் சாலைக் காபிக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார இடம் கிடைக்காது. விற்கிறவர் உங்களை அந்த நேரத்தில்தான் அழைத்து வருவார். அல்லது பௌர்ணமியன்று அழைத்து வருவார். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் இரவு அது; அத்தனை பேரும் நடந்துகொண்டிருப்பவர்கள். வழியெல்லாம் அன்னதானம் கிடைக்கும். ஊருக்குள் வண்டிகளுக்கு அனுமதி இருக்காது. உட்கார்ந்து இஞ்சித் தேநீரும் பான்கேக்கும் கேட்கும் வாடிக்கையாளர் அன்று கடைப்பக்கம் வரவே தயங்குவார். சாலையில் இருக்கும் கூட்டத்தைக் கல்லாவில் வைத்துக் கணக்குப் பண்ணாதீர்கள்.

மே மாதம் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாருங்கள். மலையின் கல்லிலிருந்து சூடு எழும்பும் நேரம் அது. வெளிநாட்டவர் ஊரைக் காலி செய்திருப்பார்கள். கடையில் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையில் வாடகை, சம்பளம், கரண்ட் பில் கட்ட முடியுமா? இந்தப் பகுதியில் வியாபாரம் ஆண்டில் நான்கைந்து மாதத்தில் சம்பாதித்து மீதி மாதங்களில் தாக்குப்பிடிப்பதாகவே நெடுங்காலம் இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்கள் பெருகி, சனி ஞாயிறுகளில் கூட்டம் நிலைத்திருக்கிறது. அவர்கள் கேட்பது சாப்பாடும் டிபனும் ஒருநாள் அறையும். ஒரு மாதம் தங்கும் ஐரோப்பியருக்காக அமைத்த கடை அப்படியே கைமாறினால் இந்தப் புது வாடிக்கையாளர் அதற்குள் வரமாட்டார். இதை விற்கிறவர் நன்றாகப் புரிந்துகொண்டுதான் விற்கிறார்.

வருமானத்தைச் சரிபார்க்க மூன்று ஆண்டு ஜிஎஸ்டி தாக்கலையும் வங்கிக் கணக்கையும் யுபிஐ வரவையும் கேளுங்கள். "நிறைய ரொக்கம்தாங்க, கணக்குல வராது" என்று சொல்வார்கள். அப்படியானால் கணக்கில் இல்லாத வருமானத்துக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை. கூடவே பால்காரரின் மாதக் கணக்கு, வணிக சிலிண்டர் பில், மின்கட்டணம் மூன்றையும் பன்னிரண்டு மாதத்துக்கு வரிசையாக வைத்துப் பாருங்கள். நாளைக்கு இருநூறு காபி விற்றதாகச் சொல்லும் கடைக்குப் பத்து லிட்டர் பால் வந்திருந்தால் கணக்கு உதைக்கும். மின் இணைப்பு வீட்டுக் கட்டண விகிதத்தில் இருந்துகொண்டு உள்ளே விடுதி நடந்திருந்தால், அபராதம் புது உரிமையாளர் காலத்தில்தான் வந்து சேரும். தொழிலை முழுதாக வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் ஜிஎஸ்டி பாக்கிக்கும் சேர்ந்து பொறுப்பாகிறார் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆம் பிரிவு சொல்கிறது. ஊழியர் பி.எஃப். பாக்கியும் அப்படியே.

வெளியே பெட்டி, உள்ளே மாளிகை

டாக்டர் ஹூ தொடரின் டார்டிஸ் என்ற காலப்பயணக் கப்பல் 1963இலிருந்து வெளியே போலீஸ் பெட்டி, உள்ளே பெரிய கூடம். ரமண நகரில் சில கட்டடங்களும் அப்படி. அனுமதி வரைபடத்தில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பு. உள்ளே போனால் மூன்றாவது மாடிவரை அறைகள். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகி, சுற்றியுள்ள ஊராட்சிகள் சேர்க்கப்பட்டன. ஊராட்சித் தலைவர் கையெழுத்தில் இருக்கும் பழைய உரிமங்கள் இன்றைக்கும் செல்லுமா என்று மாநகராட்சியில் கேளுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்த விடுதி என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிவு செய்தார்களா என்பதையும் பாருங்கள். சி-படிவம் என்று சொன்னால் எந்த விடுதிக்காரருக்கும் புரியும்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் முக்கியமானது ஸ்டார் ட்ரெக்கின் 'தி டெவில் இன் தி டார்க்', 1967 மார்ச் 9. ஆறாம் ஜேனஸ் கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்களை ஏதோ ஒரு மிருகம் கொல்கிறது. கிர்க்கும் ஸ்பாக்கும் அதை வேட்டையாட வருகிறார்கள். சுரங்கத்தில் குவியல் குவியலாகக் கிடந்த உருண்டைக் கற்களைத் தொழிலாளிகள் உடைத்துத் தள்ளியிருந்தார்கள். அவை ஹோர்ட்டா என்ற அந்த உயிரின் முட்டைகள். தாய் தன் குஞ்சுகளைக் காக்கத்தான் போராடியது. அது யாருடைய இடம் என்று யாரும் முன்பு கேட்கவில்லை.

மனையைப் பார்க்கும்போது அந்த நிலத்தின் மேல் யாருடைய வாழ்வு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மூலையில் குடிசை போட்டுத் தோட்டம் பார்க்கும் குடும்பம் எத்தனை ஆண்டாக இருக்கிறது? பக்கத்து வயல்காரர் மாடு ஓட்டிப் போகும் பாதை உங்கள் மனைக்கு நடுவில் போகிறதா? கடையை வாடகைக்கு எடுத்தவரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், மேல்வாடகைக்கு விட உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் தேவை. குலதெய்வக் கல் ஒன்று வேப்பமரத்தடியில் இருந்தால், ஆண்டுக்கொருமுறை பொங்கல் வைக்க வரும் குடும்பத்தாரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். எந்தப் பத்திரத்திலும் அது இருக்காது. அவர்கள் வருவது நிற்கவும் நிற்காது, நிற்கவும் கூடாது.

அடுத்தது தண்ணீர். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஏரிகளுக்கும் குளங்களுக்கும் போகும் வழியில்தான் இன்றைய பல மனைப்பிரிவுகள் இருக்கின்றன. புலப்படத்தில் ஓடை என்று கோடு இருந்தால், கண்ணுக்கு வெறும் முள்வேலி தெரிந்தாலும் அது ஓடைதான். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்தில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தப் பகுதி வீடுகளில் இருந்தவர்கள் ஏழைகள். வேறிடம் வாங்க வழியில்லாமல் சரிவில் ஏறியவர்கள். வசதி இருப்பவர் மலைக்காட்சிக்காகச் சரிவில் மனை கேட்கும்போது நான் வாதாடித் தடுக்கிறேன். "மலை எவ்வளவு பக்கத்துல தெரியுது பாருங்க சார்" என்பதை விற்கிறவர் சிறப்பாகச் சொல்வார். மலைச்சரிவில் காப்புக்காடு எங்கே முடிகிறது என்பதை வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். நல்ல மழை நாளில் மனையில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் வாங்கினால், பக்கத்து வீட்டுச் சுவரில் மழைக்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்றாவது பாருங்கள்.

உங்கள் ஸ்பாக் யார்?

ஸ்டார் ட்ரெக்கின் என்டர்பிரைஸ் கப்பலில் முடிவெடுப்பவர் கிர்க், எண்ணிச் சொல்பவர் ஸ்பாக். பெரும்பாலும் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதில்லை. வாங்க ஆசைப்படுகிறவர் நீங்கள்; சரிபார்க்கிறவர் அந்த ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும். புரோக்கர் பரிந்துரைக்கும் வழக்கறிஞரை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வேறு ஊர் வழக்கறிஞரிடம் எழுத்தில் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். கட்டணம் சொத்து விலையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. முழுப் பணமும் கையில் இருந்தாலும், ஒரு பகுதிக்காவது அரசு வங்கியில் கடனுக்கு மனுப் போடுங்கள். வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் தங்கள் பங்குக்கு ஆவணங்களைப் பார்ப்பார்கள். வங்கி மறுத்தால் காரணம் கேளுங்கள். அந்தக் காரணத்தை விற்பவரிடம் வைத்துப் பேசுங்கள்.

முன்பணத்தை ஆலமரத்தடியில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்காதீர்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அந்தப் பதிவு கட்டாயம். அந்த உடன்படிக்கையில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அசல் ஆவணங்கள் இத்தனாம் தேதிக்குள் பார்வைக்கு வர வேண்டும், கோயில், பஞ்சமி, நீர்நிலை, காப்புக்காடு எதிலும் சேராத நிலம் என்று விற்பவர் உறுதி தர வேண்டும், தவறானால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும், ஜிஎஸ்டி, மின்சாரம், சொத்துவரி, ஊழியர் பாக்கிகளைத் தீர்த்த ரசீது கிரயத்தன்று கையில் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்கத் தயங்குபவரிடம் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். அந்த ஒரு வாரத்தில் பக்கத்துக் கடைக்காரர், பால்காரர், முன்பு அங்கே வேலை பார்த்த சமையல்காரர் மூவரையும் தேடிப் பேசுங்கள்.